டிப்ளமோ முடிச்சாச்சு... பி.டெக். சேரலாமா?



கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனைக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மாமா அப்போதே கேட்டுவிட்டார், "தம்பி, மேல படிக்கிறியா, வேலைக்குத்தானா?" உங்களையும் கேட்பார்கள். இந்தப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்து, இப்போது பி.டெக். கடைசி வருஷம் படிக்கும் சீனியர் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்தவர்கள் பி.டெக்.கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்பது இதுதான். மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வைத்திருக்கும் தகுதி 45 சதவீத மார்க். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. நம்ம புதுவையில் சென்டாக் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோ மார்க்தான் பேசும்.

சரி, 45 வாங்கினால் சீட் வந்துவிடுமா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! ஒரு பிரிவில் 60 இடம் என்றால், நமக்குக் கூடுதலாக 10 சதவீதம், அதாவது 6 இடம். முதல் வருஷம் நிரம்பாமல் கிடந்த இடங்களும் உண்டு. ஆனால் 1984-இல் தொடங்கி, 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய பிள்ளைச்சாவடி இன்ஜினியரிங் கல்லூரியில், கம்ப்யூட்டர் பிரிவில் காலியிடத்தை எதிர்பார்க்க முடியுமா? அந்தச் சில இடங்களுக்குத்தான் அத்தனை பேரும் மோதுவோம். தனியார் கல்லூரியில் இடம் கிடைப்பது சுலபம், ஃபீஸ் கட்டுவதுதான் கஷ்டம். எனவே விருப்ப வரிசையை மாமா சொன்னார், மச்சான் சொன்னான் என்று போடாதீர்கள். நான் எலக்ட்ரிகலையே முதலில் போட்டேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை!

இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே தாலுகா ஆபீசில் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அங்கே நின்ற கியூவை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது.

சீட் வராவிட்டால்? சென்னையிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக உதவித்தொகையோடு ஒரு வருஷம் அப்ரண்டீஸ் போகலாம். பழைய சீனியர்கள் ஏ.எம்.ஐ.இ. எழுதச் சொல்வார்கள். 31.5.2013-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்குச் சமம். ஏமாந்துவிடாதீர்கள்.

இனி, எனக்கு யாரும் சொல்லாத ஒன்று. நாம் தாண்டிக் குதிக்கும் முதல் வருஷத்தில்தான் மற்றவர்கள் இரண்டு செமஸ்டர் கணக்குப் படித்துவிட்டு வருகிறார்கள். மூன்றாம் செமஸ்டர் முதல் வாரமே போர்டில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு! பக்கத்திலிருந்தவன் சரசரவென்று போடுகிறான், நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். லேபில் மோட்டார் கனெக்‌ஷன் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், கணக்கிலோ அரியர். அப்பா முகத்தைப் பார்க்கக் கூசியது. மூன்றாம் தடவைதான் பாஸ் செய்தேன்.

பரீட்சைக்கும் அட்மிஷனுக்கும் நடுவே கிடைக்கும் லீவை நான் கிரிக்கெட்டில் விட்டேன். நீங்கள் அணிகள், தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு இந்த மூன்றையாவது போட்டுப் பாருங்கள். அந்த அரியருக்காக நான் எழுதிய நோட்டு இரண்டு இருக்கிறது, கையெழுத்து சுமார்தான். வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.