ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் நாயுடுபேட்டை உள்ளது. விடுமுறைக்குச் சென்னை சென்று திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் முறுக்கும் புத்தாடையும் கொண்டுவருவது வழக்கம். சில வேளைகளில், காற்றடைத்து முடிச்சிட்ட நெகிழிப் பைக்குள் நீந்தியபடி வண்ணமீன்களும் உடன் வரும். வண்ணமீன் வணிகத்துக்குச் சென்னையில் பெயர்பெற்ற இடம் கொளத்தூர். வீட்டு மாடியிலும் முற்றத்திலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, மீன் வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அங்கு உண்டு.

கடைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வகை மீனுக்கும் தனித்தொட்டி இருக்கும். வாங்குபவரோ நிறத்தை மட்டும் நோக்கி, வகைக்கு ஒன்றாகத் தேர்ந்து, அனைத்தையும் ஒரே தொட்டியில் விடுகிறார். சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்குகின்றன. நோய் வந்துவிட்டது என வீட்டார் வருந்துகின்றனர். பல வேளைகளில் அது நோயன்று. ஒன்றோடொன்று ஒவ்வாத மீன்களைச் சேர்த்ததன் விளைவே ஆகும்.

மீனைத் தேர்வதற்குமுன் வீட்டு நீரை அறிதல் வேண்டும். நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு சேருமாயின் அது கடினநீர். கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் மீன்கள் கடினநீரில் நலமாக வாழும். நியான் டெட்ராவின் தாயகம் அமேசான் படுகை. அது மென்னீருக்கு உரியது. கோல்டு பிஷ் சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும்; மிகுந்த கழிவையும் வெளியேற்றும். ஆதலால் அதனை அதன் இனத்தோடு மட்டுமே வளர்ப்பது நன்று.

அடுத்து நோக்க வேண்டியது வாயின் அளவு. ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் மற்றொரு மீன், விரைவிலோ தாமதமாகவோ அதற்கு இரையாகும். ஏஞ்சல் மீன் கடையில் காசளவே இருக்கும். வளர்ந்தபின் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளும். மூன்று நான்கு சென்டிமீட்டரே உள்ள நியான் டெட்ரா அதன் அருகில் இரவைக் கழிப்பது அரிது.

சுபாவமும் முதன்மையானது. சுமத்ரா, போர்னியோ தீவுகளுக்குரிய டைகர் பார்ப், மெதுவாக நீந்தும் மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். எட்டுக்கும் மேற்பட்டவையாகக் கூட்டமாக வளர்த்தால், அவை பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். பைட்டர் மீனின் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடலாகாது. அகன்ற வாலுடைய கப்பியைக்கூட எதிரி எனக் கருதி அது தாக்கக்கூடும்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் அவ்வளவு நீர் நில்லாது. (‘தொட்டி’ என்னும் சொல் தெலுங்கிலும் அவ்வாறே வழங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.) கடினநீர் உள்ள வீட்டில் இத்தகைய தொட்டிக்கு எட்டு வரிக்குதிரை மீன்களும் ஐந்து பிளாட்டிகளும் பொருந்தும். வரிக்குதிரை மீன் இந்தியாவுக்கும் உரியது. மேல்மட்ட நீரில் கூட்டமாக விரையும். துள்ளும் இயல்புடையதால் மூடி இன்றியமையாதது. பிளாட்டி நடுநீரில் உலவும். அடித்தளத்தில், குழம்பாகப் பலரும் அறிந்த அயிரை மீன்கள் நான்கைந்து இருக்கலாம். அவை மணலைத் துழாவி இரை தேடும். அனைத்தையும் ஒரே நாளில் விடலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

தொட்டியைத் தூய்மை செய்யும் எனக் கூறிப் பலருக்கும் விற்கப்படும் மீன் சக்கர். கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டும் விரலளவு மீன் அது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். சில வேளைகளில் இரவில் கோல்டு பிஷ்ஷின் உடலில் ஒட்டி, அதன் மேற்பூச்சையும் சுரண்டும். தொட்டி போதாதபோது, இரக்கத்தால் சிலர் அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். அது காற்றை விழுங்கியும் உயிர்வாழ வல்லது; கரையில் வளை தோண்டி முட்டையிடும்; எலும்புத் தகடு போர்த்த உடலும் முள்ளும் கொண்டு வலைகளைக் கிழிக்கும். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பல நீர்நிலைகளில் அது இன்று பரவியுள்ளது. மீனவர் வலையில் அது அகப்பட்டால் விலை போவதில்லை. வலை பழுதாவதே மிச்சம்.

நாயுடுபேட்டை வழியாக ஓடும் சுவர்ணமுகி ஆறு, கண்ணப்ப நாயனார் வரலாற்றில் பொன்முகலி என வழங்கும் ஆறேயாகும். அதில் கெண்டையும் அயிரையும் வாழ வேண்டுமெனில் சக்கர் அங்குச் செல்லலாகாது. அளவுக்கு மேல் வளர்ந்த மீனை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம்; பெரிய தொட்டி உடையவரிடமும் ஒப்படைக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இம்மீன் வளர்ந்தபின் எவ்வளவு நீளம் இருக்கும்?