விளக்கு எரியாத போர்ட்: பழி யார் மீது?

சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கும் மின்விசைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கணினிக் கட்டமைப்பில் சுவிட்ச் என்பது வேறு. ஓர் அலுவலகத்தில் உள்ள கணினிகள், அச்சு இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, வைஃபை கருவி ஆகியவற்றின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அது. அதில் 5, 8, 16, 24, 48 என்ற கணக்கில் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒரு கணினியிலிருந்து புறப்படும் தகவல் எந்தக் கருவிக்குப் போக வேண்டுமோ, அந்தக் கருவி இருக்கும் போர்ட்டுக்கு அதை அனுப்பி வைப்பதே சுவிட்சின் வேலை. தபால் நிலையத்தில் கடிதங்களை வட்டாரம் வாரியாகப் பிரித்து அனுப்புவதைப் போன்றது இது.

வேலை ஒழுங்காக நடக்கும் வரை இந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அதில் ஒரு போர்ட் மட்டும் முரண்டு பிடித்தால்தான் அதன் அருமை தெரியும். கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய கிளினிக்கில் மருந்து கொடுக்கும் முகப்பின் கணினிக்கு இணைப்பு போய்விட்டால், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு அங்கே வந்து சேராது. நோயாளிகள் காத்துக் கிடப்பார்கள். மலேசியாவில் 2024 ஆகஸ்டு முதல் மின்விலைப்பட்டியல் முறை கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்துள்ளதால், அதில் சேர்ந்துவிட்ட வணிகங்களுக்கு இணைப்பு இல்லாத ஒரு மணி நேரமும் இழப்புதான்.

இப்படி ஒரு சிக்கல் வந்தவுடன் பல இடங்களில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன. "கணினி பழையது, மாற்ற வேண்டும்" என்பது ஒன்று. "சுவிட்ச் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்பது மற்றொன்று. பணத்தைச் செலவழித்து இரண்டையும் மாற்றிய பிறகும் சிக்கல் அப்படியே இருந்தால், கடைசியில் கேபிள் போட்டவர் மீது பழி விழுகிறது. போர்ட் கெட்டுவிட்டது என்பது சோதனையின் முடிவாக வர வேண்டிய வார்த்தை. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால்தான் காசும் நேரமும் வீணாகின்றன.

முதலில் விளக்கு

பெரும்பாலான சுவிட்சுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் சிறு விளக்கு உண்டு. விளக்கு எரியவே இல்லை என்றால் இரு முனைகளுக்கும் இடையே இணைப்பே ஏற்படவில்லை என்று பொருள். நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் தகவல் போய் வருகிறது. விளக்கின் நிறம் வேகத்தைக் காட்டும். எந்த நிறம் எந்த வேகம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

சுவிட்சின் மின்சாரத்தை அணைத்துப் போடுவதுதான் பலரும் முதலில் செய்யும் வைத்தியம். சில வேளைகளில் அது பலிக்கும். ஆனால், அணைத்தவுடன் பல சுவிட்சுகளில் பிழைக் கணக்கும் பதிவுகளும் அழிந்துபோகும். கூடவே நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மற்றக் கணினிகளின் வேலையும் கெடும். ஆகவே எந்தெந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்பதை முதலில் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். அணைத்துப் போட்டதும் உயிர்பெறும் போர்ட், சில நாள் கழித்து மீண்டும் படுத்துவிட்டால், நோய் தீரவில்லை என்பதை அந்தப் படங்கள் காட்டிக்கொடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சோதனையின் அடிப்படை விதி எளிமையானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, கணினியையும் திரும்ப இயக்கினால் சிக்கல் தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

முதல் படியாக, கேபிளை இரு முனையிலும் கழற்றி, "டக்" என்று ஒலி வரும் வரை மீண்டும் செருக வேண்டும். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் நாளடைவில் நழுவி வெளியே வரும். இத்தனை சின்னக் காரணத்தால் நின்றுபோகும் இணைப்புகள் ஏராளம்.

அடுத்து, அதே கேபிளைச் சந்தேகத்துக்குரிய போர்ட்டிலிருந்து எடுத்து, நன்றாக வேலை செய்யும் இன்னொரு போர்ட்டில் செருக வேண்டும். அங்கும் இணைப்பு வரவில்லை என்றால் சிக்கல் கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது, போர்ட் நிரபராதி. அங்கே இணைப்பு வந்துவிட்டால் சந்தேகம் பழைய போர்ட்டின் மீது வலுக்கிறது. ஆனால், இன்னும் தீர்ப்பு எழுதக்கூடாது. நன்றாக இயங்கும் ஒரு மடிக்கணினியை, நல்லது என்று தெரிந்த ஒரு குட்டை கேபிளால் அந்தப் பழைய போர்ட்டில் நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் வேலை செய்யவில்லை என்றால்தான் போர்ட்டின் மீதான குற்றச்சாட்டு நிற்கும். இரு பக்கமும் விசாரித்த பிறகு வரும் முடிவு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு போர்ட்டும் வெவ்வேறு பிரிவுக்கென்று அமைக்கப்பட்டிருக்கும். கணக்குப் பிரிவின் கணினியை வருகையாளர் வைஃபைக்கான போர்ட்டில் செருகினால் விளக்கு எரியும், கோப்புகள் திறக்காது. அத்தகைய இடங்களில் கட்டமைப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டே கேபிளைத் தொட வேண்டும்.

கேபிளின் கண்ணாமூச்சி

மேசையிலிருந்து சுவிட்ச் வரை ஒரே கேபிள் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். முறையாக அமைத்த அலுவலகங்களில் பெரும்பாலும் அது மூன்று துண்டு. கணினியிலிருந்து சுவரில் உள்ள இணைப்புப் பெட்டிக்கு ஒன்று, சுவருக்குள்ளும் மேற்கூரையிலும் ஓடும் நீண்ட கேபிள் ஒன்று, அது வந்து முடியும் பலகையிலிருந்து சுவிட்சுக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது ஈதர்நெட் கட்டமைப்பின் விதி. நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்குவது பெரும்பாலும் முதல் துண்டின் மீது. எலி கடிப்பது இரண்டாவது துண்டை.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டு இரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றில் இரண்டு இணைகளே போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட செப்புக் கம்பி வழி கிகாபிட் முறைக்கு நான்கு இணைகளும் வேண்டும். அதனால்தான் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு முற்றாக நின்றுவிடாமல், பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விந்தை நடக்கிறது. சில கருவிகளில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். விளக்கு எரிகிறதே என்று போர்ட்டின் மீதோ கணினியின் மீதோ சந்தேகம் கொள்வோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள் சோதனைக் கருவி, எட்டுக் கம்பிகளும் முனைக்கு முனை சேர்ந்திருக்கின்றனவா என்பதை மட்டுமே காட்டும். கம்பிகள் தவறான இணையோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தால் அதன் எட்டு விளக்கும் வரிசையாக எரியும்; தகவலோ பாதி வழியில் சிதையும். எனவே, "கருவியில் பாஸ் ஆகிவிட்டது" என்ற சொல்லைக் கேட்டவுடன் கேபிளை விடுதலை செய்துவிடக்கூடாது. நல்ல கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை.

கெட்டதா, பூட்டியதா?

விளக்கு எரியாத போர்ட் எல்லாம் கெட்ட போர்ட் ஆகிவிடாது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் போர்ட்டை மென்பொருள் வழியாக மூடி வைக்க முடியும். சில வேளைகளில் சுவிட்சே தற்காப்புக்காக ஒரு போர்ட்டைப் பூட்டிவிடும். அறிமுகமில்லாத கணினி ஒன்று இணைக்கப்பட்டால் பூட்டும்படி அமைத்திருக்கலாம். அல்லது சுற்று விழுந்திருக்கலாம்.

சுற்று என்பது என்ன? யாரோ ஒருவர் மேசையைத் துப்புரவு செய்யும்போது தனியே தொங்கும் கேபிள் முனையைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு அதைச் சுவர்ப் பெட்டியில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே இன்னொரு பெட்டியில் இருக்கிறது. இப்போது தகவல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, பெருகிப் பெருகிச் சுற்றத் தொடங்கும். சாதாரண சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறிபிடித்தாற்போல மின்னும். அலுவலகம் முழுக்க இணைப்பு முடங்கும். தற்காப்பு உள்ள சுவிட்ச் அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடி மற்றவற்றைக் காப்பாற்றும். காரணத்தைக் களையாமல் பூட்டை மட்டும் திறந்துவிட்டால் போர்ட் மீண்டும் பூட்டிக்கொள்ளும். அதைப் பழுது என்று எண்ணி சுவிட்சை மாற்றினால் புதிய சுவிட்சும் அதையே செய்யும்.

எண்கள் சொல்லும் சாட்சி

இணைப்பு இருக்கிறது, ஆனால் மிக மெதுவாக இருக்கிறது என்ற நிலைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகள் ஒவ்வொரு போர்ட்டிலும் சிதைந்து வந்த தகவல் துண்டுகளைச் சி.ஆர்.சி. பிழை என்று எண்ணி வைக்கும். அந்த எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. அது சென்ற ஆண்டின் கணக்காகவும் இருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் கேபிள், முனை, போர்ட் ஆகிய மூன்றில் ஒன்றில் நோய் இருக்கிறது. கேபிளை மாற்றியதும் ஏற்றம் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

ஒரு முனையில் வேகத்தைக் கையால் நிர்ணயித்துவிட்டு, மறுமுனையைத் தானியங்கி முறையில் விட்டுவிடுவதும் இதே தொல்லையைத் தரும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே கேட்கும். மறுபக்கம் பேசும்போது கேட்காது. சிறு தகவல்கள் போய்ச் சேரும், பெரிய கோப்பு மட்டும் நத்தையாக நகரும். இரு முனையையும் தானியங்கி முறையில் விட்டுவிடுவதே இன்றைய கருவிகளுக்கு ஏற்றது.

மின்சாரமும் இடிமின்னலும்

கண்காணிப்புக் கேமராவும் வைஃபை கருவியும் தகவல் கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2003இல் வந்த தரம் ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரையிலும், 2009இல் வந்த தரம் 30 வாட் வரையிலும் தர இடமளித்தது. ஆனால், எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் முழு அளவு தரும் வலிமை பல சுவிட்சுகளுக்குக் கிடையாது. புதிதாக ஒரு கேமரா சேர்த்த நாளிலிருந்து ஒரு போர்ட் தகராறு செய்தால், மொத்த வாட் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதே போர்ட்டில் மடிக்கணினி நன்றாக இயங்கினால், பற்றாக்குறை மின்சாரத்தில் இருக்கலாம் என்று தெளியலாம்.

போர்ட்டுகளை உண்மையிலேயே கொல்லும் எதிரிகளில் இடிமின்னல் முக்கியமானது. உலகில் இடிமின்னல் மிக அதிகமாக உள்ள வட்டாரங்களில் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் அடங்கும். வெளியே கம்பத்தில் மாட்டிய கேமராவின் கேபிளும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு இழுத்த செப்புக் கேபிளும் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு போர்ட்டிலும் சிறிய காப்பு உண்டு என்றாலும் பெரிய மின்னழுத்தத்தின் முன் அது தாங்காது. பல சுவிட்சுகளில் நான்கு அல்லது எட்டுப் போர்ட்டுகளை ஒரே சில்லு கவனித்துக்கொள்வதால், மழைக்கு மறுநாள் அடுத்தடுத்த போர்ட்டுகள் கூட்டாகச் செத்துக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழை கேபிள் போடச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணமன்று. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

இன்னொரு கொலைகாரன் மனிதக் கை. தொலைபேசிக் கேபிளின் சிறிய முனையை இந்தத் துளையில் அழுத்திச் செருகினால், உள்ளே இருக்கும் எட்டு ஊசிகளில் ஓரத்தில் உள்ளவை வளைந்துவிடக்கூடும். கைவிளக்கு அடித்துப் பார்த்தால் வளைந்த ஊசியும் பச்சை பூத்த துருவும் தெரிந்துவிடும். ஊசியை நிமிர்த்தவோ பெட்டியைத் திறக்கவோ முயலக்கூடாது. பல சுவிட்சுகளின் உள்ளே 230 வோல்ட் மின்சாரம் இருக்கிறது.

உறுதியான பிறகு செய்ய வேண்டியவை

போர்ட் கெட்டதுதான் என்று உறுதியானால், கணினியைக் காலியாக உள்ள வேறு போர்ட்டுக்கு மாற்றி, பழைய போர்ட்டின் அமைப்புகளையும் அங்கே பதிய வேண்டும். கெட்ட போர்ட்டின் மீது ஒட்டுத்தாள் ஒட்டி, தேதியை எழுதி வைக்க வேண்டும். ஒட்டாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே துளையில் கேபிளைச் செருகி, அதே சோதனையை முதலிலிருந்து தொடங்குவார். முழுதாகச் செத்த போர்ட்டைவிட, அவ்வப்போது உயிர் வந்து போகும் போர்ட் அதிக நேரத்தை விழுங்கும் என்பதால் அதற்கும் இதே நடவடிக்கைதான்.

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பதும் அவசியம். 24 போர்ட்டில் ஒன்று மட்டும் பழுதானால் சுவிட்சை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த சில வாரங்களில் மேலும் ஒரு போர்ட் போனால், அல்லது பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இவை அனைத்தையும் எளிதாக்க ஒரு தாள் போதும். எந்தப் போர்ட் எந்த மேசைக்குப் போகிறது என்பதை எழுதி சுவிட்சின் பக்கத்தில் ஒட்டிவைத்தால், பழுது வரும் நாளில் கூரைக்குள் தலையை விட்டுக் கேபிளைத் தேட வேண்டியிருக்காது. சுவிட்ச் பொருத்தும் அன்றே பொருத்துபவரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.