ஈரலில் குடியிருக்கும் தட்டைப்புழு



கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் முனியாண்டி பூசைக்குக் கிடா வெட்டினார்கள். ஈரலை அரிந்தபோது உள்ளே இலை போன்ற தட்டையான புழுக்கள் இருந்தன. என் மாணவன் ஒருவனின் தாயார் ஈரலை வீசிவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்திற்கு வந்து, "ஐயா, கறியப் பிள்ளைங்க சாப்பிட்டிருச்சுங்க. இந்தப் புழு அதுங்களுக்கும் வந்துருமா?" என்று கேட்டார்.

"வராதம்மா" என்றேன். சமைத்த கறியால் இப்புழு பரவுவதில்லை. அது வரும் வழி வேறு.

ஆடு, மாடு, எருமைகளின் பித்தக்குழாயில் வாழும் இப்புழுவுக்குக் கல்லீரல் தட்டைப்புழு என்று பெயர். அதன் முட்டைகள் சாணத்தோடு வெளியேறி, தண்ணீரில் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சு ஒருவகைச் சிறு நீர்நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகுகிறது. பிறகு நத்தையை விட்டு நீங்கி, புல்லிலும் நீர்ச்செடிகளிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கூடாக ஒட்டிக்கொள்கிறது. அதை மேயும் மாட்டுக்குப் புழு வருகிறது. அந்தக் கீரையைப் பச்சையாகத் தின்னும் மனிதனுக்கும் வருகிறது.

இதற்கு உறவான இன்னொரு புழு மீன் வழியாக வருகிறது. 1874இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்த ஒரு சீனத் தச்சரின் ஈரலில் டாக்டர் மெக்கானல் அதைக் கண்டார். அது நன்னீர் மீனில் ஒளிந்திருப்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீனை எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து உண்பவர்களிடம் இதே இனத்துப் புழு ஒன்று பரவியுள்ளது. புளிப்பும் காரமும் அதைக் கொல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் பித்தக்குழாயைப் புண்ணாக்கி, சிலருக்குப் புற்றுநோயையே உண்டாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தாய்லாந்துப் புழுவை 1994இலும் சீனப் புழுவை 2009இலும் புற்றுநோய்க் காரணிகளாக அறிவித்தது.

ஆகவே தாய்மார்களே, மாடு மேயும் வாய்க்கால் ஓரத்தில் பறித்த கங்கோங், வல்லாரை போன்றவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம். கழுவினால் மட்டும் கூடு போய்விடாது, வேகவைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. ஆற்றுமீனையும் குளத்துமீனையும் முள்ளோரம்வரை நன்றாக வேகவிடுங்கள். மாட்டுப்பட்டியைக் கழுவிய தண்ணீர் கீரைப்பாத்திக்குப் பாயக்கூடாது. மாடு இளைத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடாத காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, கண் மஞ்சளித்தல் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். என்ன கீரை, என்ன மீன் உண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மலத்தையும் இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பார்கள். கீரையால் வரும் புழுவுக்கு ஒரு மருந்து, மீனால் வருவதற்கு வேறு மருந்து. கடையில் வாங்கும் சாதாரணப் பூச்சி மாத்திரை போதாது.

அந்தத் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ பயப்பட வேண்டியது கறிச்சட்டிக்கு இல்ல, வாய்க்காலுக்குத்தான்" என்றார். நான் சொல்ல வந்ததும் அதுதான்.