வண்டியின் டீசலைக் குடிக்கும் காற்று

மளிகை வியாபாரத்தில் லாபம் மூட்டைக்கு இவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் அளவில்தான் இருக்கிறது. சரக்கின் விலை நம் கையில் இல்லை. வண்டிச் செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஆவுடையார்கோவில் போன்ற ஊர்களில் உள்ள நாம் திருச்சிக்கும் மதுரைக்கும் வண்டி அனுப்பித்தான் சரக்கு எடுக்கிறோம். அந்த வண்டி எஞ்சினுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் டீசல் செலவழிக்கிறது.

வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். 40 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பு 60-ல் இரண்டேகால் மடங்கு. 80-ல் நான்கு மடங்கு. ஆகவே அறந்தாங்கி வரை மெதுவாகப் போய்வரும் வண்டிக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குத்தான் ஆதாயம்.

1970-களில் அமெரிக்க நாசா நிறுவனத்தின் பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மேன் இதைச் சோதித்தார். சைக்கிளில் போகும்போது லாரிகள் கடந்தால் காற்று முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தவர் அவர். ஒரு பழைய வேனுக்குத் தகடு போர்த்திப் பெட்டி போலாக்கி ஓட்டினார்கள். பிறகு அதன் மூலைகளை வளைவாக மாற்றியதும் காற்றின் எதிர்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது. சரக்கு வைக்கும் இடமோ மிகச் சிறிதளவே குறைந்தது.

நாம் தகடு அடிக்க வேண்டியதில்லை. கைக்காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. கேபினுக்கு மேலே சரக்கு சுவர் போல நிற்கக்கூடாது. முன்வரிசையைத் தாழ்வாகவும் பின்வரிசைகளைப் படிப்படியாக உயரமாகவும் அடுக்குங்கள்.

2. தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். படபடக்கும் தார்ப்பாய் டீசலையும் தின்னும், தானும் கிழியும்.

3. தேவையில்லாத நாளில் மேல் கேரியரைக் கழற்றி வையுங்கள்.

4. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்பது பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை.

பட்டறையில் கேபின் மேல் சாய்வுத் தகடு பொருத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை அடைக்காதீர்கள், எஞ்சின் சூடாகிவிடும். ஓட்டத்தில் ஒரு தகடு பிய்த்துக்கொண்டால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கே ஆபத்து. டீசல் மிச்சம் அதற்கு ஈடாகாது.

பலன் உண்டா என்பதைக் கணக்கால் அறியலாம். டாங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். அதே பாதை, ஏறக்குறைய அதே எடை, அதே டிரைவர் என்று நான்கைந்து நடை பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் எதனால் வந்த பலன் என்று தெரியாது.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் 800 லிட்டர் வேண்டும். 16 தந்தால் 750 லிட்டர் போதும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 4,500 ரூபாய் மிச்சம். அத்தனை ரூபாய் நிகர லாபம் பார்க்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்பது வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.