ஆற்றுவாழை, நுளம்பு, நாய்

கிழக்கிலங்கையின் கிட்டங்கி ஆற்றை ஆற்றுவாழை மூடினால் கல்முனைக்காரருக்கு முதலில் வெள்ளப் பயம்தான் வரும். பாலத்தடியில் அடைத்துத் தண்ணீரை மறித்துவிடும். இந்தச் செடியின் வேரைத் தேடி வரும் ஒரு நுளம்பும் உண்டு, அதன் பெயர் மான்சோனியா. பெரும்பாலான மற்ற நுளம்புக் குடம்பிகள் மூச்சு எடுக்க நீரின் மேலே வந்தாகவேண்டும், இது வராது. இதன் சுவாசக் குழாய் நுனியில் அரம் போன்ற பற்கள் உண்டு. அதை நீர்ச்செடியின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே வளரும். தண்ணீரில் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, செடியைத்தான் அகற்றவேண்டும்.

மான்சோனியா சுமந்த யானைக்கால் புழுவின் பெயர் புரூகியா மலாயி. 1960களின் இறுதியோடு இலங்கையில் அது காணாமற்போனது. நீர்ச்செடிகளை அழித்ததும் அதற்கு ஒரு காரணம். பிறகு கியூலெக்ஸ் நுளம்பு பரப்பும் மற்ற யானைக்கால் புழுவுக்கு எதிராக 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் ஊரோடு மாத்திரை கொடுத்தார்கள். யானைக்கால் நோய் இனி இந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஏறத்தாழ நாற்பது வருடத்துக்குப் பின் புரூகியா மனிதரின் இரத்தத்தில் மறுபடி தலைகாட்டியது. அதைப் பற்றிக் கம்பஹா மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பழைய புழுவின் குஞ்சுகள் நடு இரவில்தான் இரத்தத்தில் திரளும். புதிதாகக் கண்டவை பகலிலும் திரிந்தன. அதே பகுதியின் நாய், பூனைகளிலும் புரூகியா இருந்தது. மாத்திரையெல்லாம் மனிதருக்குத்தானே கொடுத்தோம்! நாயின் இரத்தத்தை யார் எண்ணினார்கள்? இத்தனைக்கும் ஜயவர்தன என்ற ஆய்வாளர் இலங்கை நாய்களில் கண்ட ஒரு புழுவுக்கு 1962லேயே புரூகியா சிலோனென்சிஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

நாயின் தோலுக்கடியில் வாழும் டைரோபிலேரியா ரிப்பென்ஸ் இன்னொரு புழு. நுளம்பு வழியாக அது மனிதருக்குள் வந்தால் பெரும்பாலும் குஞ்சு பொரிக்காது; தோலில் ஒரு கட்டியாக நிற்கும், சிலவேளை கண்வெள்ளையில் நெளியும். கண் வைத்தியர் அதை உயிரோடு உருவி எடுத்த சம்பவங்கள் உண்டு. இந்தத் தொற்று அதிகம் பதிவாகும் நாடுகளில் இலங்கையும் ஒன்று.

மருந்தின் கதை இன்னும் சுவையானது. புரூகியா, டைரோபிலேரியா இரண்டின் உடலுக்குள்ளும் வொல்பாக்கியா என்ற பக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் முட்டையை வளர்க்க முடியாது, நீண்ட நாள் வாழவும் முடியாது. ஆகவே சாதாரண அன்டிபயோட்டிக்கான டொக்சிசைக்கிளினை நாய்க்குக் கொடுத்தால் அது புழுவை நேராகக் கொல்வதில்லை. உள்ளே இருக்கும் பக்டீரியாவைக் கொல்கிறது. புழு முதலில் மலடாகும், பிறகு மெல்ல மெல்லச் சாகும். அந்த மெதுவில்தான் நன்மை. டைரோபிலேரியா வகையையே சேர்ந்த இதயப் புழு பிடித்த நாய்க்குள் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் அவற்றின் துண்டுகள் நுரையீரல் நாளங்களை அடைத்து நாயையே கொன்றுவிடலாம். கழுத்தில் துளியாக விடும் மொக்சிடெக்டின், இரத்தத்தில் திரியும் குஞ்சுகளை அழிக்கிறது.

மாட்டுக்கு வாங்கிய ஐவமெக்டின் ஊசியை நாய்க்கும் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். சில இன நாய்களுக்கு அந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுது. கோலி (Collie) இன நாய்களில் இதை 2001இல் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள்.

மாத்திரை கொடுத்த மாகாணங்களில் கிழக்கு இல்லை. ஆனால் ஆற்றுவாழை இங்கே உண்டு, கடற்கரையில் நாய்கள் உண்டு, குசினிக்குள் மீன் கேட்டுக் கத்தும் பூனைகள் வீட்டுக்கு வீடு உண்டு. விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறவர்கள் எப்படியும் நாயைப் பிடிக்கத்தான் போகிறார்கள். அப்போதே காதில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பரப்பினால் போதும். பகலிலும் திரியும் குஞ்சைத் தேட இரவில் அலையத் தேவையில்லை.