அருவி ஊரில் நீந்த இடமில்லை

பங்குனியில் குற்றாலம் போனால் பேரருவியின் பாறை முழுசாகத் தெரியும். தண்ணீர் ஓரமாக ஒழுகிக்கொண்டிருக்கும், அல்லது அதுவும் இருக்காது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்க்காத இந்த மாதங்கள்தான் ட்ரையத்லானுக்குத் தயாராகும் தென்காசிக்காரருக்கு நல்ல காலம். சாலை காலி, காற்று அடக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று இடைவெளி விடாமல் மூன்றையும் முடிக்க வேண்டிய இந்தப் பந்தயத்தில், முதலாவதற்கு மட்டும் ஊருக்குள் இடம் தேட வேண்டும்.

ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். ஸ்பிரின்ட் அதில் சரிபாதி. 1978-இல் ஹவாயில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேனில் 3.8 நீச்சல், 180 சைக்கிள், கடைசியில் ஒரு முழு மாரத்தான். வேலைக்குப் போகிறவர்களில் பலர் குறிவைப்பது அதில் பாதியான 70.3-ஐ. மைல் கணக்கில் வந்த பெயர் அது. நம் கணக்கில் 113 கிலோமீட்டர்.

அருவி என்பது நின்று குளிக்கும் இடம், நீந்தும் இடமல்ல. குண்டாறு, அடவிநயினார் போன்ற அணைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் பாசனத்துக்குத் தேக்கிய நீரில் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு இறங்குவது வம்பு. மிஞ்சுவது தோட்டத்துக் கிணறு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகியதே கிணற்றில்தான். ஆழத்தைக் கண்டு பயப்பட மாட்டார்கள். மூச்சடக்கச் சொன்னால் அடக்குவார்கள். தலையைத் தண்ணீருக்குள் வைத்து நேர்கோட்டில் போகச் சொன்னால்தான் தடுமாறுவார்கள். தலை தூக்கி அடிக்கும் நீச்சலில் இடுப்பு கீழே இறங்கிவிடும். கால் முழுவதும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். ஐம்பது மீட்டருக்கு அது போதும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு, சைக்கிளில் ஏறுமுன்னே ஆளைக் காலி பண்ணிவிடும்.

பத்துக் கை போடுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடுகிற கிணற்றில் தூரம் பழக ஒரு வழி உண்டு. இடுப்பில் ரப்பர் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படிக்கல்லில் மாட்டி, நின்ற இடத்திலேயே நீந்துவது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கை எங்கே வழுக்குகிறது என்பது கயிற்றின் இழுப்பில் உடனே தெரிந்துவிடும். எப்படியும் தோட்டக்காரர் மோட்டார் போடுமுன் ஏறிவிட வேண்டும். சித்திரையில் நீர்மட்டம் இறங்கி, ஏறும் படி கைக்கு எட்டாமல் போகிற கிணறுகளும் உண்டு. தனியாக இறங்கவே கூடாது.

தமிழ்நாட்டில் நீச்சல் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் குற்றாலீசுவரன். 1994-இல், சிறுவனாக இருந்தபோதே, பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடல்வழிகளை ஒரே ஆண்டில் நீந்திக் கடந்தவர். குற்றாலநாதரின் பெயரைத் தாங்கியவருக்கு நீச்சல் பழகக் கிடைத்தது சென்னை. இங்குள்ள பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு நல்ல நீச்சல் குளம் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டதே.

சைக்கிளுக்கு அந்தக் குறையே இல்லை. மேற்கே செங்கோட்டை, புளியரை தாண்டினால் எஸ் வளைவு. அங்கிருந்து கோட்டைவாசல், ஆரியங்காவு வரை மலைச்சாலை. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள்தான் பயம். விடியுமுன் போய்விட்டுத் திரும்புவது உத்தமம். கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயலுக்கு நடுவே சமதரை. ஓடுவதற்குக் குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் மரநிழல் சாலைக்கு ஈடு கிடையாது. குரங்குகளுக்கு முன்னால் வாழைப்பழம் தின்றுகொண்டு ஓடாதவரை.

வெயில் வேறு கதை. சித்திரையில் பகல் 35 டிகிரியைத் தாண்டும். அதைப் பகையாகவே பார்க்க வேண்டியதில்லை. தினமும் ஒரு மணி நேரம் அளவாக வெக்கையில் உழைத்தால் பத்துப் பதினான்கு நாளில் உடம்பு பழகிக்கொள்ளும்: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் கிளம்பும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறையும். வியர்வையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறவர்கள் உண்டு. இது பதநீர்க் காலம் என்பதால் பலரும் அதையே குடிக்கிறார்கள். உழைக்கும் உடம்புக்குச் சர்க்கரை கிடைக்கும், ஆனால் வியர்வையோடு போகும் உப்பை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட நீராகாரத்துக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். சைக்கிளில் வாய்க்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்.

பனி விலகியதும் பந்தயம் தொடங்கும் நாடுகளுக்கு எழுதிய பயிற்சி அட்டவணையை வைத்துக்கொண்டு, ஏப்ரலில் உச்ச வேகம் எட்டப் பார்ப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது. கோவாவின் அயர்ன்மேன் 70.3 போட்டி 2019-இல் தொடங்கியதிலிருந்து அக்டோபர், நவம்பரில்தான் நடக்கிறது. நமக்கு இளவேனில் அடித்தளம் போடும் காலம். நீண்ட, மெதுவான தூரங்களுக்கு உரியது.

பந்தயம் இல்லாமல் கை அரிக்கிறதென்றால் ஊரிலேயே ஒன்று நடத்திக்கொள்ளலாம். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணி கோடையிலும் வற்றாது. இடம் தெரிந்த ஊர்க்காரர் துணையோடு, இடுப்பில் மிதவை கட்டி நீந்தலாம். அங்கிருந்து பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் வழியாகத் தென்காசிக்குச் சைக்கிளில் வந்தால் நாற்பதுக்குச் சற்றுக் குறையும். தென்காசிக் கோபுரத்தடியில் ஷூ மாற்றிக் குற்றாலம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய பத்து. ஒலிம்பிக் தூரம் தற்செயலாக இங்கே அமைந்து கிடக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கிய முதல் கிலோமீட்டரில் கால் கட்டை போலிருக்கும். அதைப் பழகத்தான் இந்த வேலையெல்லாம்.

மேற்கே மேகம் கறுத்தால் மட்டும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் பதினேழு வயது மாணவனைக் கொண்டுபோனது. கோடை மழை மலைமேல் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சைக்கிளைச் சாய்க்கும். குற்றாலச் சாலையில் வேன்கள் வரிசை கட்டும். ஆகவே 90 கிலோமீட்டர் சைக்கிள் பயிற்சிகளை வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு சாரலில் கிணறும் நிறைய ஆரம்பிக்கும்.