செத்த வருடம் 2603!

சிங்கப்பூர் போனவர்கள் ஆர்ச்சர்ட் ரோட்டில் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதிக்குள் நுழையாமல் திரும்புவதில்லை. அந்தப் பளபளப்புத் தரைக்கு அடியில் ஒரு காலத்தில் இடுகாடு இருந்தது தெரியுமா? தியோச்சூ சீனர்களின் தாய் ஷான் திங். இடம் போதாத ஊர். செத்தவர்களும் வீடு மாறத்தான் வேண்டும்!

இன்று அங்கே புதிதாகப் புதைக்கச் சுவா சூ காங் ஒன்றுதான் மிச்சம். 1998 முதல் அதற்கும் 15 வருடக் கெடு உண்டு, தெரியுமா? கெடு முடிந்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள். அப்புறம் தாத்தாவை எங்கே போய்த் தேடுவது? காகிதத்தில்தான்!

புக்கிட் பிரவுனையே பாருங்கள். 1922இல் திறந்து 1973இல் மூடிய சீன இடுகாடு. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள்! அதன் குறுக்கே லார்னி நெடுஞ்சாலை போட்டபோது 3,700க்கும் மேற்பட்டவை வழிவிட வேண்டியதாயிற்று. தோண்டும் முன் ஒரு குழு ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பதிந்து வைத்தது. இடுகாட்டின் பழைய பதிவேடுகளோ தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்திலேயே இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே புரட்டலாம்.

புரட்டினால் மட்டும் போதுமா? ஒரே குடும்பப்பெயர் ஹொக்கியன் வாயில் டான், காண்டனீஸ் வாயில் சான், மாண்டரினில் சென். எழுத்தர் காதில் எது விழுந்ததோ அதுதான் பதிவு! கல்லைப் படிக்கலாமென்றால் அதில் 26ஆம் வருடம் என்றிருக்கும். சீனக் குடியரசுக் கணக்கு அது. 1911ஐக் கூட்டினால் 1937 வரும். சில கற்களில் 2603! எதிர்காலத்தில் செத்தாரா என்று பதற வேண்டாம். ஜப்பானியர் ஆண்ட காலம். அவர்களுடைய பேரரசு ஆண்டிலிருந்து 660ஐக் கழித்தால் 1943. அன்றைய ‘சியோனான் டைம்ஸ்’ செய்தித்தாளும் அதே ஆண்டுக் கணக்கைத்தான் போட்டது. எனக்கென்னவோ ஆக்கிரமிப்பைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இன்னொன்று! பெரிய சீனக் கல்லறைகள் சிலவற்றின் வாசலில் காவலுக்கு நிற்பவர் யார் தெரியுமா? தலைப்பாகை கட்டிய சீக்கியர், கல்லில்! உயிரோடிருந்தபோது பங்களா வாசலில் நின்றவர் அங்கேயும் வந்துவிட்டார். கல்லறைக் கல்லில் செதுக்கியிருக்கும் இறந்தவரின் சொந்த ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு சீனாவில் உறவைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

சரி, எரியூட்டப்பட்ட நம் ஆட்களுக்குக் கல் ஏது? அங்கேதான் பழைய பத்திரிகைகள் கைகொடுக்கின்றன. தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில் 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் பெருமாளைத் தேடுகிறவர் நாலைந்து எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்க வேண்டும். பழைய அச்சை இயந்திரம் தப்பாகப் படித்திருந்தால் அதோடு கதை முடிந்தது! ஆனால் ஒரே பெயரில் பத்துப் பெருமாள் வந்து நின்றாலும் நம்மவர்களிடம் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து. ‘காலமானார்’ அறிவிப்பில் ஊர்ப்பெயரும் சேர்ந்து வந்திருந்தால் அடித்தது யோகம். அடுத்த பஸ் பிடித்துக் கிராமத்துக்கே போய்க் கதவைத் தட்டலாம்.